‘எல்லாம் டென்ஷன்தான்’ என்று சொல்லி அனுப்பப்பட்டவருக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன், சரிதானா பாருங்கள். வயது 31, பள்ளி ஆசிரியை. நான்கு வருடமாகக் காலையில் அடிவயிற்றைப் பிசையும் வலி, பஸ் ஏறுவதற்குள் மூன்று நான்கு முறை கழிப்பறை, போய் வந்தால் வலி கொஞ்சம் தணிகிறது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கொலோனோஸ்கோபி எல்லாம் நார்மல். கடைசியாகப் பார்த்த டாக்டர் “ஐபிஎஸ், எல்லாம் டென்ஷன்தான், மனசை ரிலாக்ஸா வச்சுக்கோங்க” என்று மூன்று நிமிடத்தில் அனுப்பிவிட்டார். (ஐபிஎஸ் என்றால் இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், பரிசோதனைகளில் எதுவும் தெரியாமலே வயிறு வலித்து மலப்போக்கு மாறும் குடல் கோளாறு.) ‘மன அழுத்தத்தால் குடல் நோய் வருமா?’ என்பது நீங்கள் தலைப்பில் கேட்டது. உண்மையான கேள்வி கடைசி வரியில் இருக்கிறது: ‘டென்ஷன் இல்லாத நாளிலும் வலிக்கிறதே, நானாகக் கற்பனை செய்துகொள்கிறேனா?’

கற்பனை இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படிக்கலாம். நான் குடல்நோய் மருத்துவன், 22 வருடமாக இதே வேலை. எங்கள் வெளிநோயாளி வரிசையில் உங்களைப் போன்றவர்கள் தினமும் வருகிறார்கள். ஐபிஎஸ் என்ற பெயரே ஒரு வேடிக்கை. தமிழில் எழுதினால் போலீஸ் ஐபிஎஸ்ஸும் குடல் ஐபிஎஸ்ஸும் ஒன்றுதான். “பையனுக்கு ஐபிஎஸ்” என்று ஓர் அம்மா போனில் சொல்ல, பக்கத்தில் இருந்தவர் வாழ்த்துச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். உங்கள் டாக்டர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. சொல்லாமல் விட்ட மறுபாதிதான் உங்களை நோகடித்திருக்கிறது.

மனம் கலங்கினால் வயிறு கலங்கும் என்பதைத் தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரிசல்ட் வரும் நாளில் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால் வயிற்றெரிச்சல். கெட்ட சேதி வந்தால் அடிவயிறு கலங்குகிறது. மருத்துவம் இதைக் கண்ணால் பார்த்தது 1822க்குப் பிறகு. அமெரிக்காவில் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற தோல் வியாபாரத் தொழிலாளியின் வயிற்றில் தவறுதலாகத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார், ஆனால் இரைப்பைக்குள் போகும் துளை மூடவே இல்லை. ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் அந்தத் துளை வழியே வருடக்கணக்கில் எட்டிப் பார்த்தார். பயமோ கோபமோ வந்தால் இரைப்பையின் உள்சுவர் ஒரு சமயம் சிவந்து உலர்ந்துபோவதையும், ஒரு சமயம் வெளிறுவதையும் எழுதிவைத்தார். அந்த நூற்றாண்டின் கடைசியில் ஹார்வர்டில் மாணவராக இருந்த வால்டர் கேனன், பூனைக்கு உணவோடு, எக்ஸ்-ரேயில் நிழலாகத் தெரியும் பிஸ்மத் கொடுத்துப் பார்த்தார். பூனை மிரண்டால் இரைப்பையின் அசைவு அப்படியே நின்றுவிட்டது.

எனக்கு மறக்கவே முடியாதது 1940களில் நியூயார்க்கில் தாமஸ் ஆல்மி குழு செய்த சோதனை. ஒரு மருத்துவ மாணவர் சோதனைக்கு ஒப்புக்கொண்டு வந்து படுத்திருக்கிறார். மலக்குடல் வழியே குழாய் விட்டுப் பெருங்குடலின் கடைசிப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவில், அவர் காதில் விழும்படி, புற்றுநோய்க் கட்டி தெரிகிறது, சதை எடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். சுத்தப் பொய். அந்த நிமிடமே குடல் சிவந்து ரத்தம் பாய்ந்து இறுகியது. பொய் என்று சொன்னதும் தளர்ந்தது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இப்படி ஒன்றை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆனாலும் பயம் குடலுக்குள் என்ன செய்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி இல்லை.

இது நடக்கும் வழி இப்போது ஓரளவு தெளிவு. குடல் சுவருக்குள் பத்து கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் வலை பின்னியிருக்கின்றன. அன்றாட வேலையை மூளையைக் கேட்காமலே அவை பார்த்துக்கொள்ளும். மேலதிகாரி தலையிடுவது அவசரத்துக்குத்தான். மூளை ஆபத்தை உணர்ந்தால் அதன் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் சிஆர்ஹெச் என்ற ஹார்மோனை விடுகிறது. அது கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைச் சுரக்கவைக்கிறது என்பது பாடப்புத்தகம். கூடவே இரைப்பையை மந்தமாக்கி, பெருங்குடலை வேகப்படுத்துகிறது. அதனால்தான் நேர்காணலுக்கு முன் சாப்பாடும் இறங்காது, கழிப்பறைக்கும் ஓடவேண்டியிருக்கும். எம்.டி. செய்முறைத் தேர்வன்று காலையில் நான் ஐந்து முறை போனேன். எனக்கு ஐபிஎஸ் கிடையாது.

நீங்கள் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி இங்கேதான் வருகிறது. டென்ஷனுக்கு எல்லோர் குடலும் ஆடுகிறது என்றால், ஏன் எனக்கு மட்டும் இது நான்கு வருடமாக வியாதியாக நிற்கிறது? டென்ஷன் மட்டுமே காரணம் என்றால் ஊரில் பாதிப் பேருக்கு ஐபிஎஸ் இருக்க வேண்டும். 33 நாடுகளில் நடந்து 2021இல் வெளிவந்த பெரிய கணக்கெடுப்பில், இப்போதைய கறாரான வரையறைப்படி, இணையவழிக் கேள்வித்தாளில் சுமார் 4 சதவீதம் பேர்தான் தேறினார்கள். ஆக, வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்திருக்க வேண்டும்.

அந்த வேறொன்றில் மிகவும் உறுதியானது குடலின் உணர்திறன். 1973இல் ரிச்சி என்பவர் பெருங்குடலின் கடைசிப் பகுதியில் சிறு பலூனை வைத்துக் காற்றடித்துப் பார்த்தார். 60 மில்லி அளவுக்கு ஊதியபோது ஐபிஎஸ் உள்ளவர்களில் 55 சதவீதம் பேருக்கு வலித்தது; மற்றவர்களில் 6 சதவீதம் பேருக்கு. பலூன் அதே பலூன். வாய்ப்புண் வந்தவரிடம் வீட்டில் எல்லோரும் சாப்பிடும் அதே ரசத்தைக் கொடுத்துப் பாருங்கள், துடித்துப்போவார். ரசத்தில் காரம் கூடவில்லை, நாக்கு மாறியிருக்கிறது. ஐபிஎஸ்ஸில் எல்லோருக்கும் சாதாரணமாக நகரும் காற்றும் மலமும் இப்படித்தான் வலியாகத் தெரிகின்றன. ஒரே வித்தியாசம், கொலோனோஸ்கோபியில் காட்டுவதற்குப் புண் எதுவும் இல்லை. ஐபிஎஸ் உள்ள எல்லோரிடமும் இந்தக் கூடுதல் உணர்திறனைக் காணமுடிவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குடலிலிருந்து தண்டுவடம் வழியாக மேலே போகும் செய்தியை மூளை அப்படியே ஏற்பதில்லை. இதைக் கவனிக்கலாம், இதை விட்டுவிடலாம் என்று வடிகட்டிக் கீழே உத்தரவு அனுப்புகிறது. நீங்கள் வகுப்பில் மும்முரமாகப் பாடம் நடத்தும்போது காலில் செருப்பு கடிப்பது தெரியாது, வீட்டுக்கு வந்ததும்தான் கொப்புளம் தெரியும். அந்த வடிகட்டி வேலை செய்த நேரம் அது. ஐபிஎஸ் உள்ளவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, வலியை உணரும் பகுதிகளும் ‘இது ஆபத்து’ என்று எடைபோடும் பகுதிகளும் குடலின் செய்திக்கு மற்றவர்களைவிட அதிகமாகக் கிளர்வதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மனக்கவலை, தூக்கமின்மை, முன்பு பட்ட பயம் எல்லாம் அந்த வடிகட்டியைத் தளர்த்திவிடும். இந்த நோய்களுக்கான உலகளாவிய வரையறையை எழுதும் ரோம் குழு, 2016இல் இவற்றை ‘குடலுக்கும் மூளைக்கும் இடையிலான தொடர்பாடலின் கோளாறுகள்’ என்று பெயர் மாற்றியது. கோளாறு தனியாகக் குடலிலும் இல்லை, தனியாக மனதிலும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஓடும் தந்தியில் இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, நாக்கு மாறியது எப்படி? பலருக்குத் தொடக்கம் ஒரு வயிற்றுப்போக்கு. இதைப் பற்றி நாம் அதிகம் கற்றுக்கொண்டது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள வாக்கர்டன் என்ற சிற்றூரில். 2000ஆம் ஆண்டு மே மாதம் கனமழை. மாட்டுச் சாணம் கலந்த தண்ணீர் ஊர்க் கிணற்றுக்குள் இறங்கி, குடிநீர்க் குழாய் வழியாக வீடுகளுக்குப் போனது. சுமார் 2,300 பேருக்கு நோய், 7 பேர் இறந்தார்கள். அந்த ஊரை ஆராய்ச்சியாளர்கள் வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து, அந்தச் சமயத்தில் நோய் மருத்துவ ரீதியாகப் பதிவானவர்களில் 36 சதவீதம் பேருக்கு ஐபிஎஸ்; நோய்வாய்ப்படாதவர்களில் 10 சதவீதம் பேருக்கு. கிருமிகள் எப்போதோ போய்விட்டன, புண் ஆறிவிட்டது, ஆனால் நாக்கு எரிச்சலை மறக்கவில்லை. எட்டாவது வருடத்தில் இந்த எண்ணிக்கை பெருமளவு குறைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், ‘இது ஆயுசுக்கும்’ என்று யாரோ உங்களைப் பயமுறுத்தியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள் அல்லவா.

எல்லோரும் அதே தண்ணீரைக் குடித்தார்கள், ஆனால் எல்லோருக்கும் ஐபிஎஸ் வரவில்லை. ஏன் என்பதற்கு ஒரு குறிப்பு 1990களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கிடைத்தது. கிருமித்தொற்றால் வயிற்றுப்போக்கு வந்து மருத்துவமனையில் படுத்திருந்தவர்களிடம் அப்போதே கேள்வித்தாள் கொடுத்து மனநிலையை அளந்துவைத்தார்கள். மூன்று மாதம் கழித்தும் வயிறு சரியாகாமல் போனவர்கள் யாரென்று பார்த்தால், நோய் வந்த நேரத்தில் அதிகக் கவலையில் இருந்தவர்கள், அதற்கு முந்தைய மாதங்களில் வாழ்க்கையில் பெரிய அடி பட்டிருந்தவர்கள் அதில் கூடுதல். அத்தோடு அவர்களுடைய மலக்குடல் சதையில் அழற்சி அணுக்களும் அதிகமாக மிச்சமிருந்தன. எனக்கு இந்த ஆய்வு பிடிக்கக் காரணமே இதுதான். மனமா உடம்பா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க அது நம்மை விடவில்லை. கஷ்ட காலத்தில் வந்த காயம் ஆறத் தாமதமாகிறது. எங்கள் பாட்டி இதை வேறு வார்த்தையில் சொல்லியிருப்பார்.

உங்களுக்கு இது எப்போது, எப்படி ஆரம்பித்தது என்று எழுதவில்லை. யோசித்துப் பாருங்கள். கல்யாணச் சாப்பாடு, சுற்றுலா, ஒரு டைபாய்டு, நிறைய ஆன்டிபயாடிக், இப்படி ஏதாவது இருந்ததா என்று நான் எப்போதும் கேட்பேன். நாலில் ஒருவராவது ‘ஆமா, அதுக்கப்புறம்தான்’ என்பார்கள். இது என் அனுபவக் கணக்கு, ஆய்வு இல்லை.

மன அழுத்தம் குடல் சுவரையே தொடுகிறதா என்பதற்கு பெல்ஜியத்தின் லூவன் நகரத்திலிருந்து 2014இல் வந்த ஒரு சோதனை அழகானது. மாணவர்களைக் கூட்டத்துக்கு முன் பேசச் சொன்னார்கள், அவ்வளவுதான். மேடைப் பேச்சால் கார்டிசால் ஏறியவர்களுக்கு மட்டும் சிறுகுடல் சுவரின் கசிவு கூடியது. மாஸ்ட் செல் எனப்படும் அணுக்களைக் கட்டிவைக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுத்தபோது அந்தக் கசிவு ஏற்படவில்லை. ஒவ்வாமையில் தோல் அரிக்கவும் தடிக்கவும் காரணமான அதே மாஸ்ட் செல்கள்தான் இவை. ஐபிஎஸ் உள்ளவர்களின் பெருங்குடலில் நரம்பு நுனிகளுக்குப் பக்கத்தில் இவை அதிகமாக இருந்ததையும், அந்த நெருக்கத்துக்கும் வலியின் அளவுக்கும் தொடர்பு இருந்ததையும் இத்தாலியின் பொலோஞாவில் 2004இல் காட்டினார்கள். 2021இல் மறுபடி லூவன் குழு: குடல் தொற்று இருக்கும்போது எலிகளுக்குக் கொடுத்த உணவை, தொற்று ஆறிய பிறகும் அவற்றின் குடல் எதிரியாக நினைவில் வைத்திருந்து, பிற்பாடு அதே உணவு வந்தபோது அந்த இடத்தில் மட்டும் வலியைக் கிளப்பியது. பிறகு மனிதரில் கோதுமை, சோயா, பால் போன்ற உணவுகளின் சாரத்தை மலக்குடல் சுவரில் துளியளவு ஊசி போட்டுப் பார்த்தபோது, ஐபிஎஸ் உள்ள 12 பேரும் ஏதாவது ஒன்றுக்குத் தடித்தார்கள். ஆனால் 12 பேர் என்பது 12 பேர்தான். இதை வைத்து உணவு ஒவ்வாமைப் பரிசோதனை என்று பெரிய பட்டியல் போட்டுப் பத்தாயிரம் ரூபாய்க்கு விற்பவர்களிடம் போய்விடாதீர்கள். அவர்கள் செய்யும் ரத்தப் பரிசோதனை இந்த ஊசிச் சோதனை இல்லை.

‘முதலில் மனமா, முதலில் குடலா’ என்பதற்கும் ஓரளவு பதில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பென்ரித் பகுதி மக்களை 12 வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2012இல் வெளியானது. தொடக்கத்தில் வயிறு நன்றாக இருந்து கவலை மட்டும் அதிகமாக இருந்தவர்களில் பிற்பாடு வயிற்றுக் கோளாறு அதிகம் வந்தது. எதிர்பார்த்ததுதான். ஆனால் தொடக்கத்தில் மனம் நன்றாக இருந்து வயிறு மட்டும் கெட்டிருந்தவர்களில் பிற்பாடு கவலையும் மனச்சோர்வும் அதிகம் வந்தன. போக்குவரத்து இருவழி. மூளையையும் குடலையும் இணைக்கும் வேகஸ் நரம்பை எடுத்துக்கொண்டாலே, அதன் நூறு இழைகளில் சுமார் 80 குடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. மேலிருந்து கீழே வருபவைதான் சிறுபான்மை. நான்கு வருடமாகக் காலை 7 மணி பஸ்ஸில் கழிப்பறை இல்லாத பயத்தோடு பயணம் செய்தவருக்கு டென்ஷன் இல்லாமலிருந்தால்தான் ஆச்சரியம். அப்படிப்பட்டவரைப் பார்த்து ‘டென்ஷன்தான் காரணம்’ என்பது, மழையில் நனைந்தவனைப் பார்த்து ‘ஈரமாக இருப்பதால்தான் மழை பெய்கிறது’ என்பது மாதிரி. சில பேரிடம் அது உண்மையாகவும் இருக்கும் என்பதுதான் இதில் சிக்கல். 53,400 ஐபிஎஸ் நோயாளிகளின் மரபணுவை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வில் சம்பந்தப்பட்டதாகக் கிடைத்த ஆறு இடங்களில் பெரும்பாலானவை நரம்பு மண்டலத்தோடும் பதற்ற மனநிலையோடும் தொடர்புள்ளவை. அந்த ஆய்வாளர்களின் வாசிப்பு, ஒன்று மற்றதை உண்டாக்குகிறது என்பதைவிட இரண்டுக்கும் வேர் பொது என்பது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

இப்போது, உறுதியில்லாமலே ஊரெல்லாம் உறுதியாகச் சொல்லப்படும் சில விஷயங்கள். ‘உடம்பின் செரோடோனினில் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது, ஆகவே குடல்தான் மகிழ்ச்சியின் இருப்பிடம்’ என்று வாட்ஸ்அப்பில் வரும். செரோடோனின் என்பது நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ரசாயனம். முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தவறு, ஏனென்றால் குடலின் செரோடோனின் மூளைக்குள் போக முடியாது. அது குடலை அசைக்கும் வேலையைப் பார்க்கிறது. குடல் பாக்டீரியா மனநிலையை மாற்றுகிறது என்பதற்கு எலிகளில் நல்ல ஆதாரம் உண்டு, மனிதரில் ஆதாரம் மெலிசு. இந்த பாக்டீரியாவைச் சாப்பிட்டால் இந்தக் குணம் வரும் என்று விற்கும் அளவுக்கு யாரிடமும் அறிவியல் இல்லை. புரோபயாடிக் சிலருக்கு உதவுகிறது. நான்கு வாரம் பார்த்துப் பயனில்லை என்றால் காசை மிச்சம் பிடியுங்கள். தயிர் சேர்ந்தால் தயிர்சாதம் சாப்பிடுங்கள். நாங்களும் இந்த விஷயத்தில் ஏமாந்திருக்கிறோம். சிஆர்ஹெச்தான் வில்லன் என்றால் அதைத் தடுக்கும் மருந்து எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டும் அல்லவா? எலிகளில் அது அற்புதமாக வேலை செய்தது. மனிதரில் சோதித்த மருந்து, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் செய்யவில்லை. மன அழுத்தம் ஒரே ஒரு குழாயில் ஓடுவதில்லை போலிருக்கிறது.

சரி, செய்ய வேண்டியது என்ன? ‘ரிலாக்ஸா இருங்க’ என்பது சிகிச்சை ஆகாது. யாரும் சொல்லி யாரும் ரிலாக்ஸ் ஆனதில்லை. அந்தத் தந்தியைச் சரிசெய்ய நிஜமாகவே கருவிகள் உண்டு. அதில் நான் அதிகம் எழுதித்தருவது குறைந்த அளவு அமிட்ரிப்டிலின். இதை வாங்கிய நோயாளிகள் கூகுளில் தேடிவிட்டு ‘மனச்சோர்வு மாத்திரையைக் கொடுத்துட்டீங்களே, என்னைப் பைத்தியம்னு நினைச்சீங்களா’ என்று சண்டைக்கு வருவார்கள், நியாயம்தான், முன்பே விளக்காதது என் தவறு. மனச்சோர்வுக்கு 75 மி.கி., 100 மி.கி. என்று போகிற மருந்து இது. இங்கே தேவை இரவில் 10 மி.கி., தேவைப்பட்டால் மெதுவாக 30 வரை. இங்கிலாந்தில் சாதாரணக் குடும்ப மருத்துவர்களிடம் வந்த 463 பேரை வைத்து நடந்து 2023இல் வெளியான சோதனையில், ஆறு மாதத்தில் இந்த மாத்திரை எடுத்தவர்களில் 61 சதவீதம் பேர் நிவாரணம் கிடைத்தது என்றார்கள். வெற்று மாத்திரையில் 45. உங்களுக்கு முக்கியமான தகவல் இனிமேல்தான்: அவர்களுடைய கவலை, மனச்சோர்வு மதிப்பெண்களில் மாற்றம் இல்லை. மருந்து மனதைத் தொடாமலே வயிற்றைச் சரிசெய்தது, அதாவது வலியைக் கடத்தும் நரம்பு வழியில் வேலை செய்தது. மலத்தைக் கொஞ்சம் கட்டும் என்பதால் உங்களைப் போல் அடிக்கடி போகிறவர்களுக்குத் தோதானது, மலச்சிக்கல்காரர்களுக்கு அவ்வளவாக இல்லை. வாய் உலரும், முதல் வாரம் காலையில் மந்தமாக இருக்கும். இதயத்துடிப்புக் கோளாறு, கண் அழுத்தம் இருந்தாலோ குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தாலோ டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். தானாக மெடிக்கலில் வாங்க வேண்டாம்.

பேச்சு சிகிச்சை அடுத்தது. போன் வழியாகவும் இணையம் வழியாகவும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை கொடுத்துப் பார்த்த 558 பேரின் ஆய்வு 2019இல் இங்கிலாந்தில் வெளியானது. ஒரு வருடம் கழித்தும் பலன் நின்றது. அதில் சொல்லித்தருவது தத்துவம் எதுவும் இல்லை. ‘பஸ்ஸில் வந்துவிட்டால் என்ன ஆகும்’ என்ற எண்ணம் வந்ததும் அடிவயிற்றையே கவனித்துக்கொண்டிருக்கிறோமே, அந்தக் கவனிப்பே வடிகட்டியைத் திறந்துவிடுகிறது. அதை எப்படி விடுவது, தவிர்த்துவரும் இடங்களுக்கு எப்படிப் படிப்படியாகத் திரும்பிப் போவது, இவ்வளவுதான். குடலை மையமாக வைத்த ஹிப்னாசிஸ் என்றால் நம் ஊரில் மேடை வித்தை நினைவுக்கு வரும், ஆனால் மான்செஸ்டரில் பீட்டர் ஹோர்வெல் 1984இலேயே, வேறு எதற்கும் மசியாத 30 பேரிடம் அதைச் சோதித்து நல்ல பலன் காட்டினார். இங்கே இவற்றைப் பழகியவர்கள் குறைவு என்பதுதான் கஷ்டம். கிடைக்காவிட்டால், தினமும் பத்து நிமிடம் வயிறு ஏறி இறங்க மெதுவாக மூச்சு விடுவதை என் நோயாளிகளுக்குச் சொல்லித்தருகிறேன். பெரிய ஆய்வு பலம் கிடையாது, கெடுதலும் கிடையாது.

வெற்று மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. பாஸ்டனில் 2010இல் 80 ஐபிஎஸ் நோயாளிகளில் பாதிப் பேருக்கு ‘இதில் மருந்தே இல்லை’ என்று வெளிப்படையாகச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் 59 சதவீதம் பேருக்குப் போதுமான நிவாரணம். எதுவும் கொடுக்கப்படாதவர்களில் 35. இதை ‘பார்த்தாயா, எல்லாம் மனப்பிரமை’ என்று படிப்பவர்கள் உண்டு. நான் படிப்பது வேறு மாதிரி: உட்கார்ந்து விளக்கி, அக்கறையோடு கவனிக்கும் ஒருவர் இருந்தாலே அந்த வடிகட்டி கொஞ்சம் இறுகுகிறது. மூன்று நிமிடத்தில் அனுப்பிவைப்பதில் இழப்பது அதைத்தான்.

மூளையைப் பற்றியே பேசி வயிற்றை மறந்துவிடக் கூடாது. உங்கள் காலை நேரத்தைப் பாருங்கள். எழுந்ததும் பெருங்குடல் இயல்பாகவே விழிக்கும், அதன்மேல் பால் விட்ட ஃபில்டர் காபி, அதன்மேல் அவசரமாக நாலு இட்லி, அதன்மேல் பஸ். சாப்பிட்டதும் பெருங்குடல் சுருங்குவது எல்லோருக்கும் உள்ள அனிச்சை. காபியும் அதைத் தூண்டும். தென்னிந்தியரில் பெரும்பாலோருக்கு வளர்ந்த பிறகு பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் திறன் குறைந்துவிடும். எனவே முதல் இரண்டு வாரம் பாலை மட்டும் நிறுத்திப் பாருங்கள். அப்புறம் வேண்டுமானால் மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வடிவமைத்த குறை-ஃபாட்மேப் உணவு இருக்கிறது, அதாவது சரியாக உறிஞ்சப்படாமல் குடலில் நொதிக்கும் சில சர்க்கரை வகைகளைக் குறைத்த சாப்பாடு. நம் சமையலில் அதன் எதிரிகள் சின்ன வெங்காயம், பூண்டு, பருப்பு வகைகள், கோதுமை. நண்பன் அரிசி. கடைக் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும் என்பதையும் கவனியுங்கள். ஆனால் இது நாலைந்து வாரச் சோதனைதான். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். இதையே வருடக்கணக்கில் பிடித்துக்கொண்டு ரசமும் சோறுமாக எடை குறைந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே சாப்பாட்டைக் கண்டு பயப்படுகிறவர் என்றால் இந்தப் பக்கமே போக வேண்டாம். தவிர்க்க முடியாத பயண நாளில் புறப்படும் முன் வயிற்றுப்போக்கை அடக்கும் லோபரமைடு மாத்திரை ஒன்று போட்டுக்கொள்வதில் தவறில்லை, டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டு.

டென்ஷன் இல்லாத நாளில் ஏன் வலிக்கிறது என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை மனதுக்குத்தான் லீவு, நான்கு வருடமாகக் கூர்மையாகிப்போன நரம்புக்கு லீவு கிடையாது. ஞாயிறு மதியம் கறியும் வெங்காயப் பச்சடியுமாகச் சாப்பாடு, மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், சனிக்கிழமை இரவு சரியாகத் தூங்காதது, இதில் ஏதாவது ஒன்றே போதும். என் நோயாளி ஒருவர், நெடுந்தூரப் பேருந்து ஓட்டுநர், தன் வழித்தடத்தில் உள்ள எல்லாக் கழிப்பறைகளையும் மனப்பாடமாகச் சொல்வார். ஓய்வு பெற்று வீட்டில் இருந்த முதல் ஆறு மாதமும் அவருக்குக் காலை நாலரை மணிக்கு, வண்டி எடுக்கும் நேரத்துக்கு, வயிறு கலக்கியது. பிறகு மெல்ல மெல்ல நின்றது.

இவ்வளவும் உங்களுக்கு இருப்பது ஐபிஎஸ்தான் என்ற அனுமானத்தில் எழுதியது. மூன்று மாதமாக வாரம் ஒரு நாளாவது வலி, அது மலம் கழிப்பதோடும் மலத்தின் எண்ணிக்கை, தன்மை மாறுவதோடும் சேர்ந்து வருவது, ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்கியிருப்பது என்ற வரையறைக்குள் நீங்கள் சொன்னது பொருந்துகிறது. ஆனால் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் திரையில் படித்து யாரும் நோயை முடிவுசெய்ய முடியாது. தைராய்டு, கோதுமையில் உள்ள குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று பழைய காகிதங்களைப் புரட்டிப் பாருங்கள். செய்யவில்லை என்றால் கேட்டுச் செய்யுங்கள். கொலோனோஸ்கோபியை இப்போது திரும்பச் செய்யத் தேவை இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, மாலைக் காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, குடும்பத்தில் குடல் புற்றுநோய், இவற்றில் ஒன்று இருந்தாலும் நான் எழுதியதை ஒதுக்கிவைத்துவிட்டு இந்த வாரமே நேரில் போய்ப் பாருங்கள். நம் ஊரில் வயிற்றுக் காசநோய் ‘ஐபிஎஸ்’ என்ற பெயரில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்ததை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன்.